ரத்மலானையிலிருந்து வடக்கே: சிமுலேட்டரில் ஒரு டகோட்டா

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் முதன்முதலாக டகோட்டாவை எடுத்த அன்று நான் பறக்கவே இல்லை. ஓடுபாதையில் நிறுத்தி, எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினேன். சில விநாடி நேராக ஓடியது. அப்புறம் மூக்கு மெல்ல இடப்பக்கம் போனது. பதறி வலப்பக்கம் ஒடித்தேன். அது ஒரே சுற்றாகச் சுற்றிப் புல்லில் இறங்கி, கிளம்பிய திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. முந்தின நாள்தான் ஒரு ஏர்பஸ்ஸை அலட்டிக்கொள்ளாமல் இறக்கியிருந்தேன். இவ்வளவு பழைய விமானம் எளிதாகத்தானே இருக்கும் என்று நினைத்ததுதான் தப்பு.

பழைய விமானத்தை சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லா விமானத்தையும் எல்லா நாட்டையும் தொட்டுப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஒரே விமானம், ஒரே பாதை. விமானம் டிசி-3, அதாவது இரண்டு புரொப்பெல்லர் வைத்த அந்த டகோட்டா. பாதை கொழும்பை ஒட்டியுள்ள ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி வரை, தெம்பிருந்தால் அங்கிருந்து சென்னை.

இந்தப் பாதை நான் கற்பனையில் போட்டதில்லை. டிசி-3 முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டு கழித்து அதே தேதியில். இரண்டாம் உலகப் போருக்காக ராணுவ வடிவில் செய்து தள்ளினார்கள். எல்லாம் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். டகோட்டா என்பது பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு வைத்த பெயர். நம் பக்கம் அந்தப் பெயர்தான் நிலைத்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய விமானங்கள் மலிவாகக் கைமாறின. அவற்றை வைத்துப் பல நாடுகளில் விமான நிறுவனங்கள் முளைத்தன. இலங்கையின் ஏர் சிலோனும் அப்படித்தான். அதன் முதல் சேவை 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து மதராசுக்குப் போனது. காங்கேசன்துறை விமான நிலையம் என்று அன்று சொன்னதுதான் இன்றைய பலாலி. அந்த டகோட்டாக்களுக்கு சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். வெறும் எண்ணோடு பறக்கும் இன்றைய விமானங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சரி, பழைய விமானத்தில் அப்படி என்ன இருக்கிறது?

முதல் விஷயம் உயரம். ஜெட் விமானம் 35,000 அடியில் போகும். அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரியாது, மேகம்தான் தெரியும். சிமுலேட்டரிலும் அதே கதை. டிசி-3-இல் பயணிகள் அறைக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் வசதி கிடையாது. ஆகவே தாழ்வாகப் பறப்பதே அதன் இயல்பு. 2,000, 3,000 அடியில் போனால் குளக்கரையும் தென்னந்தோப்பும் ரயில் பாதையும் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவது வேகம். சுமார் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்), அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர். நிமிடத்துக்கு நாலேகால் கிலோமீட்டர். தூரத்தில் ஒரு ஏரி தெரிந்தால், இது எந்த ஏரி என்று யோசித்து, வரைபடத்தைப் பார்த்து, முடிவுக்கு வர நேரம் இருக்கும். மூன்றாவதுதான் என் கணக்கில் முக்கியமானது: காக்பிட்டில் வழிகாட்டும் திரை கிடையாது. எங்கே இருக்கிறோம் என்பதைத் தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெட் விமானத்தில் நிலக்காட்சி வெறும் அலங்காரம். இங்கே அதுதான் வழிப்பலகை.

சிமுலேட்டர் எது என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் 2022 நவம்பரில் வந்த 40ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்போடு டிசி-3 வந்தது. கூடவே ரைட் சகோதரர்களின் விமானமும், 1927-இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸும் வந்தன. (அந்தக் கடைசி விமானத்துக்கு முன்பக்கக் கண்ணாடியே இல்லை. விமானியின் முன்னால் பெட்ரோல் டாங்கி. ஒருநாள் அதையும் ஓட்டிப் பாருங்கள், டகோட்டா மேல் மரியாதை கூடும்.) காசு செலவழிக்க மனமில்லையென்றால் ஃபிளைட்கியர் முற்றிலும் இலவசம், அதற்கும் டிசி-3 கிடைக்கிறது. கைப்பிடியை முறுக்கினால் சுக்கான் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை, நிஜ விமானத்தில் காலால் மிதிப்பது) அசையும்படியான ஜாய்ஸ்டிக் ஒன்று இருந்தால் நல்லது. விசைப்பலகையை வைத்து இந்த விமானத்தை நேராக ஓட்டுவது பெரிய வதை. டிசி-3-இல் பழைய காக்பிட், நவீனத் திரை வைத்த காக்பிட் என்று இரண்டு வகை இருந்தால் பழையதையே எடுங்கள். சிமுலேட்டரின் வரைபடத்தில் உங்கள் விமானத்தைக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதைப் பார்த்துக்கொண்டே பறப்பது விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது மாதிரி.

இனி என்னைப் புல்லில் இறக்கிய விஷயத்துக்கு வருவோம்.

இன்றைய விமானங்களுக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம், நடுவில் இரண்டு. டகோட்டாவுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலின் கீழே ஒரு சின்னச் சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று விமானிக்குத் தெரியாது. பாம்பு மாதிரி இடமும் வலமும் வளைந்து வளைந்து, பக்கக் கண்ணாடி வழியே பார்த்துத்தான் ஓடுபாதைக்குப் போக வேண்டும். பார்வை ஒரு சிக்கல். பெரிய சிக்கல் எடை. விமானத்தின் எடை மையம் அந்தப் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை முன்னால் நின்று இழுத்தால் அது ஒழுங்காகப் பின்னால் வரும். பின்னால் நின்று வேகமாகத் தள்ளினால், லேசாகக் கோணினாலும் பாரம் சுழற்றிக்கொண்டு போகப் பார்க்கும். டகோட்டாவில் எடை பின்னாலிருந்து தள்ளுகிறது. மூக்கு கொஞ்சம் விலகினால் அதைச் சரிசெய்ய அது உதவாது, இன்னும் கூட்டிவிடும்.

இதோடு எஞ்சின்களும் சேர்ந்துகொள்ளும். இரண்டு புரொப்பெல்லரும் ஒரே பக்கமாகத்தான் சுழல்கின்றன, பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில். அதன் விளைவாக முழு வேகம் கொடுக்கும்போது மூக்கு இடப்பக்கம் போக ஆசைப்படும். அன்று நான் செய்த தப்பு இரண்டு. த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினேன். விலகல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு சுக்கானை மிதித்தேன், அதுவும் முழு மிதி.

முறை இதுதான். ஓடுபாதையின் நடுக்கோட்டில் சில அடி நேராக ஓட்டி நிறுத்தி, வால் சக்கரத்தைப் பூட்டுங்கள். அதற்கென்று ஒரு நெம்புகோல் இருக்கிறது. பூட்டினால் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பாது. த்ராட்டிலை ஐந்தாறு விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள். தொடக்கத்தில் வேகம் குறைவு, சுக்கானில் காற்றுப் படாது, அதற்குப் பலம் இருக்காது. அந்த நேரத்தில் இடப்பக்க எஞ்சினுக்கு ஒரு விரற்கடை கூடுதல் வேகம் கொடுத்தால் மூக்கு நேராக நிற்கும். 40, 50 நாட் வரும்போது கைப்பிடியை லேசாக முன்னால் கொடுங்கள், வால் மேலெழும். அப்போதுதான் ஓடுபாதை முதன்முறையாகக் கண்ணில் படும். கால் மட்டும் ஓயக் கூடாது. சின்னச் சின்ன மிதி, மிதித்ததும் விடு, மறுபடி மிதி. 80-ஐத் தாண்டியதும் மெல்ல இழுத்தால் தானாகவே மிதந்து மேலே வரும். நான் ஒழுங்காகக் கிளம்ப ஆறு தடவை ஆயிற்று.

எஞ்சினுக்கு மூன்று வகை நெம்புகோல்: மிக்சர், புரொப்பெல்லர், த்ராட்டில். மிக்சர் பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்கின்றன என்பது. புரொப்பெல்லர் நெம்புகோல் அதன் இதழ்கள் காற்றை எவ்வளவு ஆழமாக வெட்டுகின்றன என்பது. காரில் கியர் மாற்றுவது போலத்தான். கிளம்பும்போது நிமிடத்துக்கு 2,700 சுற்று, நேராகப் பறக்கும்போது 2,050 போதும். த்ராட்டிலைத் திறக்கும்போது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை மேனிஃபோல்டு பிரஷர் என்ற கடிகாரம் பாதரச அங்குலத்தில் காட்டும். கிளம்பும்போது 48, பயணத்தில் 30-க்குப் பக்கம். வரிசை மட்டும் மறக்க வேண்டாம். சக்தியைக் கூட்டும்போது முதலில் புரொப்பெல்லர், பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு புரொப்பெல்லர். மாற்றிச் செய்தால் குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் விழுந்து எஞ்சின் பாடாய்ப்படும். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி வழி கண்டுபிடிப்பது. எனக்குப் பிடித்த பகுதி இது.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ரத்மலானையையும் பலாலியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடு ஏறக்குறைய நேர் வடக்கே போகும், 3 டிகிரிதான் கிழக்கே சாய்வு. நீளம் 178 கடல் மைல், சுமார் 330 கிலோமீட்டர். இப்போது கோட்டின் மேலும் பக்கத்திலும், மேலிருந்து பார்த்தால் தப்பவே முடியாத அடையாளங்களைக் குறியுங்கள். கட்டடங்கள் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் மாதிரியான சிமுலேட்டர்கள் நிலத்தைச் செயற்கைக்கோள் படத்திலிருந்தும், வீடு, மரங்களைப் பெரும்பாலும் கணக்குப் போட்டும் வரைகின்றன. ஊர்க் கோயிலோ பள்ளிக்கூடமோ அச்சு அசலாக வரும் என்று நம்ப முடியாது. தண்ணீரும் கரையும் ஏமாற்றாது. கடற்கரை எங்கே வளைகிறது, களப்பு (கடலோரக் காயல்) எங்கே முடிகிறது, குளத்தின் வடிவம் என்ன என்பவையே நல்ல அடையாளம்.

இந்தப் பாதைக்கு அதில் குறைவே இல்லை. கிளம்பியதும் கொழும்புத் துறைமுகமும் களனி ஆற்றின் முகத்துவாரமும். அப்புறம் நீர்கொழும்புக் களப்பு. அதிலிருந்து புத்தளம் வரை இடப்பக்கம் கடல், வலப்பக்கம் தென்னை, தென்னை, தென்னை. புத்தளத்தில் களப்பு அகலமாக விரியும், அதற்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு நிறம் மாறும். வில்பத்துக் காட்டின் கரும்பச்சை, நடுநடுவே வில்லு என்று சொல்லும் ஆழமில்லாத இயற்கைக் குளங்கள். காடு முடிந்து வறண்ட நிலம் தொடங்குமிடத்தில் கட்டுக்கரைக் குளம், நம் கோட்டின் நேர் கீழே. அங்கே இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் மன்னார்த் தீவு. தலைமன்னாருக்கு அப்பால் ராமர் பாலத்தின் மணல் திட்டுகள் வெளிர்நீலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். அதன் பிறகு பூநகரி, யாழ்ப்பாணக் களப்பு. களப்பின் வடகரையில் ஐந்து முனை நட்சத்திரமாக யாழ்ப்பாணக் கோட்டை. ஒல்லாந்தர் வடிவமைத்த அந்த நட்சத்திரத்தை வேறு எதோடும் குழப்பிக்கொள்ளவே முடியாது. கோட்டை தெரிந்துவிட்டால் பலாலி வந்த மாதிரிதான்.

அடுத்தது நேரம். 140 நாட் வேகத்தில் புத்தளம் 31-வது நிமிடத்தில் வரவேண்டும், கட்டுக்கரைக் குளம் 52-வது நிமிடத்தில், பலாலி 76-இல். இதைத் தாளில் எழுதி, பக்கத்தில் ஒரு வரிசையைக் காலியாக விடுங்கள். ஒவ்வொன்றையும் தாண்டும்போது உண்மையான நேரத்தை அதில் எழுத வேண்டும். திசை, வேகம், நேரம் மூன்றையும் வைத்து இடத்தைக் கணக்கிடுவதும், தரையைப் பார்த்து அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதும்தான் மொத்த வித்தை. கணக்கு மட்டும் இருந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். கண் மட்டும் இருந்தால், எந்தக் குளத்தைப் பார்த்தாலும் நாம் தேடும் குளம் போலவே தெரியும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் பயணத்தில் காற்றைச் சுழியத்தில் வையுங்கள். இரண்டாம் தடவை வடகிழக்கிலிருந்து, அதாவது 45 டிகிரியிலிருந்து, 20 நாட் காற்று வையுங்கள். டிசம்பரில் அந்தப் பக்கம் வீசும் பருவக்காற்றின் திசை அதுதான். என்ன ஆகும் தெரியுமா? முன்னாலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் குறுக்காக அடிக்கும் அந்தக் காற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். முன்னாலிருந்து 14 நாட், வலப்பக்கத்திலிருந்து 14 நாட். முன்னால் இருப்பது வேகத்தைக் குறைக்கும். தரையைப் பொறுத்தவரை உங்கள் வேகம் 126 நாட்தான். பக்கத்தில் இருப்பது உங்களை மேற்கே தள்ளிக்கொண்டே போகும். எதையும் மாற்றாமல் திசைகாட்டியை மட்டும் நம்பிப் போனால், 58-வது நிமிடத்தில் கட்டுக்கரைக் குளம் இருக்க வேண்டிய இடத்தில் கடல்தான் இருக்கும். 25 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப்போய் மன்னார்த் தீவுக்குத் தெற்கே கடல் மேல் நிற்பீர்கள்.

பரிசல் ஓட்டுகிறவர் எதிர்க்கரைத் துறைக்கு நேராகத் துடுப்புப் போட மாட்டார். நீர் இழுக்கும் அளவுக்குக் கொஞ்சம் மேலே பார்த்துப் போடுவார். அதையேதான் நாமும் செய்ய வேண்டும். எவ்வளவு மேலே? விமானிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: திசை 1 டிகிரி பிசகினால் 60 மைலுக்கு 1 மைல் விலகும். இங்கே 140-க்கு 14 விலகல். 60-க்குக் கணக்கிட்டால் 6. ஆகவே மூக்கை 6 டிகிரி வலப்பக்கம் திருப்பி, 3-க்குப் பதில் 9 டிகிரியில் வையுங்கள். விமானம் லேசாகக் கோணலாக, நண்டு மாதிரி போகும். தரையில் அதன் பாதை மட்டும் நேராக இருக்கும். கட்டுக்கரைக் குளம் மூக்கின் நேர் கீழே வராமல் சற்று இடப்பக்கமாக நகர்ந்து வந்து கடக்கும்போது, கணக்கு பலித்த அந்தச் சந்தோஷத்தை ஜிபிஎஸ் தராது.

திசைகாட்டி பற்றி ஒரு வார்த்தை. காக்பிட்டில் இரண்டு இருக்கும். ஒன்று காந்த ஊசி, இன்னொன்று வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் ஜைரோ. ஜைரோ ஆடாமல் படிக்க வசதியாக இருக்கும், ஆனால் மெல்ல மெல்லப் பிசகும். கால் மணிக்கு ஒரு தடவை விமானத்தை ஆடாமல் வைத்துக் காந்த ஊசியைப் பார்த்துத் திருத்த வேண்டும். விமானம் திரும்பும்போது காந்த ஊசி பொய் சொல்லும் என்று பாடப்புத்தகங்கள் பயமுறுத்தும். பூமியின் காந்தப்புலம் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும் நாடுகளில் அது உண்மை. இலங்கையும் தென்னிந்தியாவும் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் இங்கே அந்தச் சாய்வு மிகக் குறைவு. 1963-இல் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டதற்கும் அந்தக் கோடுதான் காரணம். நம் ஊர்ப் பக்கம் ஊசியை நம்பலாம்.

எந்த நேரத்தில் பறப்பது? விடிந்து அரை மணி கழித்து. நிழல்கள் நீளமாக இருக்கும். பனையும் வரப்பும் குளக்கட்டும் எழும்பித் தெரியும். நடுப்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும். நிலப்படம் இணையத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும் சிமுலேட்டர் என்றால், இணைப்பு மந்தமாக இருக்கும் நேரத்தைத் தவிருங்கள். இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் களிமண் பொம்மை மாதிரி இருக்கும்.

இறங்குவதற்கும் அந்த எடைச் சிக்கலை மனதில் வையுங்கள். வடகிழக்குக் காற்று என்றால் பலாலியில் 05 ஓடுபாதை. 05 என்றால் அது 50 டிகிரி திசையைப் பார்க்கிறது என்று பொருள். இறக்கையின் பின்னோரப் பலகையான ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 90 நாட்டில் நெருங்கி வாருங்கள். முன் சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட, வால் இன்னும் காற்றில் இருக்கும். அந்த நொடியில் கைப்பிடியை இழுக்கத் தோன்றும். இழுத்தால் மறுபடி துள்ளும். லேசாக முன்னால் அழுத்தி, த்ராட்டிலை மூடி, வால் தானாக இறங்கும் வரை காத்திருங்கள். இறங்கிய பிறகுதான் ஆபத்து. வேகம் குறையக் குறையச் சுக்கான் பலம் இழக்கும், வால் சுழலப் பார்க்கும். விமானம் முழுதாக நிற்கும் வரை காலுக்கு ஓய்வு இல்லை.

அடுத்த நாள் சென்னைக்குப் போவதாக இருந்தால் நேர்க்கோட்டில் போகாதீர்கள். அந்தக் கோடு பெரும்பாலும் கடல் மேல் போகிறது, கரை இடப்பக்கம் எங்கோ தூரத்தில் இருக்கும். பலாலியிலிருந்து வடமேற்கே 337 டிகிரியில் கோடிக்கரைக்குப் போங்கள். 59 கிலோமீட்டர் பாக் நீரிணை. காலைப் புகைமூட்டம் இருந்தால் நடுவில் சில நிமிடங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கரையே தெரியாது. கையில் தாள் மட்டும்தான். காற்றைக் கணக்கில் சேர்த்தால் 14, 15-வது நிமிடத்தில் முன்னால் ஒரு வெள்ளைக் கீற்று தெரிய வேண்டும், வேதாரண்யத்து உப்பளம். அதன் ஓரத்தில் தமிழ்நாட்டுக் கரை செங்கோணமாக மடங்கும். அந்த மூலையில் வலப்பக்கம் திரும்பிக் கரையைப் பிடித்துக்கொண்டால் நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி, கொள்ளிடம் கடலில் சேரும் இடம், பிச்சாவரத்துக் காடு, கடலூர், புதுச்சேரியின் கட்டம் கட்டமான தெருக்கள், மரக்காணத்து உப்பளம், மாமல்லபுரம். மீனம்பாக்கம் வரை ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், டாங்கியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.